நான்காம் கட்டிலருகே ஒரு வாஷ்பேசின்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல, அண்ணியிடமிருந்து சுட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர்தான் தலைமைச் செவிலியர். எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி அங்கே புகுந்து ஆறு வாரமாகிறது. நான்காம் கட்டிலில் இருந்த இரண்டு பேர் அடுத்தடுத்து இறந்துவிட்டார்கள். இப்போது அங்கே ஒரு பேருந்து ஓட்டுநர். அவருக்கும் அதே கிருமி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கண்ணுக்குத் தெரியாத எமன் ஒருவன் அந்த அறைக்குள்...' (அடித்துவிட்டேன். எமனுக்கு இதில் வேலையே இல்லை.)

2

அண்ணி விடவில்லை. கட்டில் கம்பி, திரைச்சீலை, மருத்துவர்களின் கைபேசி என்று எல்லாவற்றையும் பஞ்சுக்குச்சியால் துடைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

"என்ன சிஸ்டர், துப்பறியும் வேலைக்கு மாறிட்டீங்களா?" என்று கிண்டலடித்தார் பெரிய டாக்டர்.

கடைசியில் கிருமி அகப்பட்டது கட்டிலருகே இருந்த வாஷ்பேசினின் கழிவுநீர்க் குழாய்க்குள். மிஞ்சிய ஆன்டிபயாடிக் டிரிப்ஸை யாரோ* அதில் தினமும் கொட்டியிருக்கிறார்கள். கிருமி அதைக் குடித்துக் குடித்தே எந்த மருந்துக்கும் அசையாத அளவுக்குத் தேறிவிட்டது. கை கழுவும்போதெல்லாம் தண்ணீரோடு தெறித்துக் கட்டில்வரை வந்திருக்கிறது.

* 'யாரோ' என்பது என் கோழைத்தனம்.

3

வரைவைப் படித்துவிட்டு அண்ணி போன் செய்தார்.

"யாரோ இல்ல தம்பி, நான்தான். குப்பையில போட்டா ஒழுகித் தரையெல்லாம் பிசுபிசுன்னு ஆகுதுன்னு, பேசின்ல ஊத்தச் சொல்லி எல்லாரையும் பழக்கினதே நான்தான். சுத்தமா வேலை பாக்கறோம்னு நெனச்சேன்."

"கதைதானே அண்ணி..."

"கதையா இருந்தாலும் முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க."

அண்ணியைக் காப்பாற்றத்தான் நினைத்தேன்.

குழாயில் கிருமி அகப்பட்டதும், கூட்டம் போட்டுப் பேசலாம் என்றாராம் பெரிய டாக்டர். அண்ணி அன்று மதியமே பிளம்பரைக் கூப்பிட்டு வாஷ்பேசினைப் பெயர்த்தெடுக்க வைத்துவிட்டார்.

4

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன்.

அ: ஓட்டுநர் பிழைக்கிறார். அவர் மகள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

ஆ: [எழுத மனம் வரவில்லை]

"ரெண்டும் வேணாம்" என்றார் அண்ணி. "அவரு இன்னும் வென்டிலேட்டர்லதான் இருக்காரு. பிழைச்சுட்டா அந்தப் பொண்ணு எனக்கு நன்றி சொல்லுவா. அப்புறம் நான்தான் காரணம்னு சொல்ல எனக்கு வாய் வராது. இன்னிக்கே சொல்லிடறேன்."

"வேலை போயிட்டா?"

"போகட்டும். இதே மாதிரி ஊத்தற நர்ஸு இன்னும் எத்தனை பேரோ. நீங்க எழுதுங்க, அவங்களுக்கும் தெரியட்டும்."

5

காத்திருக்கும் அறை. அண்ணி முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு மகளின் எதிரே உட்கார்ந்தார். குழாய், கிருமி, முன்பு இறந்த இரண்டு பேர், ஊற்றச் சொன்ன வாய் யாருடையது என்பது வரை ஒன்றுவிடாமல் சொன்னார்.

மகள் என்ன சொன்னாள் என்று நான் எழுதப்போவதில்லை. அண்ணி என்பதால் என் பேனா ஒரு பக்கமாகச் சாய்கிறது. நீங்கள் எழுதுங்கள். உள்ளே கிடப்பது உங்கள் அப்பா என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அவசரமில்லை. நீங்கள் வாய் திறக்கும்வரை அண்ணி அங்கிருந்து எழுந்திருக்கமாட்டார்.