பூனைக்காரி வைத்த தீனி

இலையுதிர்காலத்தில் குருவிகளுக்குத் தீனி வைக்க ஆரம்பித்தவன் பனி உருகும்வரை நிறுத்தக் கூடாது. இது சட்டமில்லை. ஆனால் ஹில்டிங் சட்டத்தைக்கூட இவ்வளவு மதித்ததில்லை. உன் கையை நம்பித் தங்கிவிட்ட குருவி, நடுக்குளிரில் வேறு வீடு தேடுவதற்குள் விறைத்து விழும். அப்படியெல்லாம் இல்லை, அவை சமாளித்துக்கொள்ளும் என்று ஆஸ்பத்திரித் தாதி தொலைபேசியில் சொன்னாள். சொல்லத்தான் சொல்வாள். ராத்திரி முழுக்கக் கிளையில் உட்காரப் போவது அவளா?

கிழவர் ஹில்டிங்குக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். போன குளிர்காலத்தில் கூப்பிட்டபோது குருவிகளைக் காரணம் சொல்லி மறுத்துவிட்டார். இந்தத் தடவையும் மறுத்தால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள் என்றார்கள். இப்போதே கட்டிலிலிருந்து எழ மேசையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, சாத்தானையும் துணைக்குக் கூப்பிட வேண்டியிருந்தது. இன்னொரு வருடம் தள்ளினால் முதியோர் இல்லம்தான்.

பக்கத்தில் இருந்த ஒரே வீடு குன்வோருடையது. குன்வோர் பூனை வளர்த்தாள். அவள் எப்படிப்பட்டவள் என்று முடிவுகட்ட ஹில்டிங்குக்கு அது போதும். வேறு வழியில்லாமல் வேலியோரம் போய் நின்றார்.

"திங்கக்கெழம காலை பஸ்ல ஆஸ்பத்திரிக்குப் போறேன். குருவிக்குத் தீனி வைக்கணும். சூரியகாந்தி வெதை கொட்டகையில இருக்கு, மாட்டுக்கொழுப்பு வாளியில இருக்கு. வெளிச்சம் வர்றதுக்குள்ள வைக்கணும்."

"வணக்கம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு ஆரம்பிச்சா நாக்கு தேஞ்சிடுமா?"

"வணக்கம். பூனைய வெளிய விடக் கூடாது."

"சரி. போய்ட்டு வா. பாத்துக்கறேன்."

அந்தச் சரி மிகச் சீக்கிரமாக வந்தது. யோசிக்காமல் சரி என்பவர்கள் செய்ய மாட்டார்கள் என்பது ஹில்டிங்கின் எண்ணம். நல்லவேளை, முன்கூட்டியே பொய் சொல்லியிருந்தார். அறுவை சிகிச்சை புதன்கிழமை. திங்களும் செவ்வாயும் வீட்டுக்குள் ஒளிந்திருந்து அவளைப் பார்ப்பது. அவள் ஏமாற்றினால் தாதியைக் கூப்பிட்டு வரவில்லை என்று சொல்லிவிடுவது. இதுதான் திட்டம்.

ஞாயிறு மாலைவரை பனி கொட்டி ஓய்ந்தது. திங்கள் காலை அவர் பார்க்க ஓர் இடுக்கு மட்டும் விட்டுத் திரையை இழுத்துவிட்டு, விளக்கில்லாமல், சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்தார். புகை தெரியுமே என்று அடுப்பு மூட்டவில்லை. குளிரைப் பொறுத்துக்கொள்ளலாம். காப்பி இல்லாததுதான் கொடுமை.

முதலில் பட்டாணிக்குருவிகள் ஆப்பிள் மரத்துக்கு வந்தன. ஊரில் அதற்குக் கொழுப்புக்காளை என்று பெயர். கைப்பிடிக்குள் அடங்குகிற குருவிக்குக் காளை என்று பெயர் வைத்தவன், அது கொழுப்பைத் தின்கிற வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இப்போது அவை பந்துபோல உப்பி உட்கார்ந்து வெறும் பலகையைப் பார்த்தன. வானம் வெளுத்தது. குன்வோரைக் காணோம்.

நான் நினைத்தது சரிதான் என்று ஹில்டிங் சொல்லிக்கொண்டார். அதில் சந்தோஷமே இல்லை. இனி ஆஸ்பத்திரி இல்லை, புது இடுப்பும் இல்லை. தொலைபேசியை எடுக்கச் சுவரைப் பிடித்து எழுந்தார்.

அப்போது வெளியே சரக் சரக்கென்று சத்தம். குன்வோர் மண்வாரியால் பனியைத் தள்ளிக்கொண்டே வந்தாள். பின்னால் அவள் வீட்டிலிருந்து நேராக ஒரு பாதை திறந்திருந்தது. பலகையில் விதையைக் கொட்டினாள். கிளையில் கொழுப்பைத் தொங்கவிட்டாள். திரும்பப் போனவள் நின்றாள். ஹில்டிங்கின் வாசற்படியைப் பார்த்தாள். அங்கிருந்து சாலைவரை பனி, இஸ்திரி போட்ட துணிபோல் கிடந்தது. ஒரு காலடிகூட இல்லை.

பிறந்ததிலிருந்து பனியில் வாழ்கிறவன் செய்யக்கூடாத தப்பு.

"என்னடா பசங்களா," என்று குன்வோர் மரத்தைப் பார்த்து உரக்கக் கேட்டாள். "உங்க கெழவன் ஆஸ்பத்திரிக்குப் பறந்தே போயிட்டானா? இடுப்புதான் போச்சு, றெக்கை நல்லாருக்கு போல!"

ஹில்டிங் மூச்சைப் பிடித்தார். தும்மல் வந்துவிட்டது.

"அடடா, உள்ள எலி தும்முதே. எங்க வீட்டுப் பூனைய அனுப்பட்டுமா?"

கதவைத் திறந்தார். "பூனை எங்க?"

"வீட்டுக்குள்ள. சனிக்கெழமையிலேர்ந்து அடைச்சு வச்சிருக்கேன், பழகட்டும்னு. சோபாவக் கிழிச்சிட்டான். ராத்திரியெல்லாம் கத்தறான். உன்னைத்தான் திட்டறான்."

சனிக்கிழமை. யாரும் வேவு பார்க்காத நாள். ஹில்டிங் பலகையைப் பார்த்தார். "லேட்டா வந்த," என்றார்.

"இந்தப் பனிய யாரு தள்றது, உன் தாத்தாவா? நாளைக்கு சீக்கிரம் வந்துடுவேன், பாதைதான் ஆச்சே. நெஜமா எப்போ ஆபரேஷன்?"

"புதன்."

"அதுவரைக்கும் இந்தக் குளிர்ல கெடந்து என்னைப் பாத்துட்டே இருக்கப் போறியா? செத்துட்டா அப்புறம் ஆபரேஷன் யாருக்குய்யா?"

அவளுக்குப் பின்னால் கொழுப்புக்காளைகள் இறங்கிவிட்டன. ஒன்றை ஒன்று விரட்டிக்கொண்டு கொத்தின. யார் வைத்தது என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. இவர் இருக்கும் பக்கம்கூடத் திரும்பவில்லை. மனசு கொஞ்சம் வலித்தது. ஆனால் நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியதும் உண்மை.

"புதன்கெழம பஸ் வேணாம்," என்றாள் குன்வோர். "தீனி வச்சிட்டு வர்றேன், என் கார்ல போலாம்."

ஹில்டிங் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலை விட்டு விலகி நின்றார். இத்தனை வருடத்தில் அவள் அந்த வாசலைத் தாண்டியதில்லை.

"காப்பி போடப் போறேன்," என்றார். "பூட்ஸக் கழட்டிட்டு வா. தரையெல்லாம் பனியாக்கிடாத."