'அண்ணி' என்று எழுதிய கிண்ணம்

என் நாத்தனாரை இந்த ஆய்வகத்தில் சேர்த்துவிட்டதே நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன். எட்டு வருஷமாக நான் தயாரிக்கிற வெள்ளைப் பொடி, பொரித்துக் கழித்த எண்ணெயை டீசலாக மாற்றும் வினையூக்கி; அது எழுபது சதவீதத்துக்கு மேல் டீசல் தந்ததில்லை. அவள் வந்து எட்டே மாதம், அவள் பொடி தொண்ணூறைத் தாண்டுகிறது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் இதே பேச்சு. "தங்கச்சி கெட்டிக்காரி, இல்ல?" என்று என் கணவர் என்னிடமே கேட்கிறார். எனக்கு வயிறு எரிகிறது.

கழித்த எண்ணெயை டீசலாக்க வழக்கமான காரத்தைச் சேர்த்தால் பாதி சோப்பாகிவிடும். எங்கள் பொடி திட அமிலம். சோப்பு வராது, வடிகட்டி எடுத்து மறுபடியும் போடலாம். யாருடைய பொடி பெரிய அளவில் டீசல் தயாரிக்கும் கலனுக்குப் போகும் என்பது வியாழக்கிழமைச் சோதனையில் முடிவாகும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார்.

முந்தின நாள் இருவர் பொடியையும் ஒரே உலையில் சூடேற்ற வைத்தோம். பீங்கான் கிண்ணங்களில் அடையாளம் எழுதியது அவள். ஒன்றில் 'நான்', மற்றதில் 'அண்ணி'. மார்க்கர் பேனாவால் எழுதினாள். ஐந்நூறு டிகிரியில் அந்த மை எரிந்துபோகும், பென்சிலால்தான் எழுத வேண்டும். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

காலையில் உலையைத் திறந்தவளின் முகம் தொங்கிப்போயிற்று.

"அண்ணி, ரெண்டுலயும் எழுத்தே இல்ல. எது யாரோடதுன்னு தெரியலையே."

எனக்குத் தெரியும். என் கிண்ணத்தின் விளிம்பில் அரிசி அளவுக்கு ஓர் உடைசல் உண்டு. அந்தக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"இதுதான் உன்னோடது. வச்ச இடம் எனக்கு ஞாபகம் இருக்கு."

"நல்லவேளை, நீங்க இருந்தீங்க."

சாயங்காலம் முடிவு வந்தது. எனக்குத் தொண்ணூற்று மூன்று, அவளுக்கு அறுபத்தெட்டு. இயக்குநர் கை கொடுத்தார். "திங்கட்கிழமைக்குள்ள இதே பொடி பத்து கிலோ பண்ணிடுங்க" என்றார். பூரிப்போடு தலையாட்டிவிட்டு இருக்கைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவள் எதில் எதைக் கலக்குகிறாள், எவ்வளவு நேரம் ஊறவைக்கிறாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் என் கௌரவம் என்ன ஆவது?

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் ஒரு புது நோட்டு.

"கொஞ்சம் அழுதுட்டேன் அண்ணி, இப்ப சரியாயிடுச்சு. இந்தத் தடவை என்ன மாத்துனீங்க? சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

முதல் பக்கத்தில் தேதி போட்டு, 'அண்ணியின் செய்முறை' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அதை மூடி வை" என்றேன். "உன் பழைய நோட்டை எடுத்துட்டு வா."

"அது எதுக்கு?"

கழுவிக் கவிழ்த்திருந்த கிண்ணத்தை எடுத்து, உடைந்த விளிம்பு அவளுக்குத் தெரியும்படி மேஜையில் வைத்தேன்.

"இது என் கிண்ணம். காலையிலயே எனக்குத் தெரியும்."