அரை அங்குலம்

காரின் டிக்கிக்குள் தலையை விட்டிருந்த வெல்டர் மூன்றாவது முறையாகக் கம்பியைப் பொருத்திப் பார்த்தார். இடது பக்கத் துளைகள் போல்ட்டுகளின் மேல் ஒழுங்காக உட்கார்ந்தன. வலது பக்கம்தான் அடம் பிடித்தது.

"அண்ணி, அரை அங்குலம் நீளமா இருக்கு."

"நல்லா தள்ளிப் பாருங்க."

"தள்ளுறதுக்கு இதென்ன பீரோவா? அளவு தப்பு."

இருபத்தாறு வருடத் தையலில் அளவு தப்பு என்று அவளிடம் ஒரே ஒருத்திதான் சொல்லியிருக்கிறாள். அவளும் மறுவாரமே தான்தான் பெருத்துவிட்டதாக ஒப்புக்கொண்டாள். கழுத்தில் எப்போதும் தொங்கும் டேப்பை எடுத்து, டிக்கிக்குள் குனிந்து, போல்ட்டுக்குப் போல்ட்டு வைத்தாள். முப்பத்தொன்பதே கால். கம்பியோடு வந்த ஆர்டர் சீட்டில் முப்பத்தொன்பதே முக்கால் என்றிருந்தது. அவள் கையெழுத்துதான்.

தையலுக்குப் பிடிக்க அரை அங்குலம் விட்டு எழுதியிருந்தாள். யாரும் கேட்கவில்லை. கை தானாகவே கூட்டிவிட்டது. துணிக்கு விடுவதை இரும்புக்கும் விட்டுவிட்டாள், பாவி.

அந்த இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரை அவள் கணவர் ஓட்டை உடைசலாக வாங்கி வந்து பதினோரு வருடம் ஆகிறது. பகலெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வந்து சாயங்காலம் இதற்கடியில் படுத்துக்கொள்வார். எல்லாம் முடிந்த பிறகும் வளைவில் வேகமாகத் திரும்பினால் காரின் பின்பக்கம் முறுக்கிக்கொண்டது. இரண்டு பின் ஷாக் அப்சார்பர்களின் தலையையும் குறுக்கே ஒரு கம்பி போட்டு இறுக்கினால் சரியாகிவிடும் என்றார். அதற்குள் ஈரலில் நோய் வந்து, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள்.

எந்தக் கம்பி என்று படுக்கையில் கிடந்தபடியே மூன்று வாரம் யோசித்தார். நடுவில் திருகு மரை வைத்த கம்பி இருந்தது. திருகினால் நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வெல்டர் அதைத்தான் வாங்கச் சொன்னார்.

"மரை இருந்தா அங்கதான்டா முதல்ல இளகும். ஒரே துண்டா வாங்கு."

"அண்ணே, அளவு பிசகினா ஒண்ணும் பண்ண முடியாது."

"அளக்கப்போறது யாருன்னு நினைச்சே? என் பொண்டாட்டி அளந்தா ஒரு நூல் பிசகாது."

அன்றைக்கு அவளுக்கு வெட்கமும் பெருமையும் தாங்கவில்லை.

"வெட்டி ஒட்டித் தர்றேன் அண்ணி. லேத் பட்டறைக்குக் கொண்டு போகணும். சாயங்காலம் ஆயிடும்," என்றார் வெல்டர், டிக்கியிலிருந்து தலையை எடுத்தபடி.

சாயங்காலம்வரை அவள் கணவர் இருப்பாரா என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. காலையில் வந்து பார்த்த நர்ஸ், யாருக்காவது சொல்லணும்னா சொல்லிடுங்க என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

உள்ளே போனாள். கார் ஷெட்டைப் பார்த்த ஜன்னலோரம் கட்டில். மஞ்சள் பூத்த கண்ணைத் திறந்தார்.

"மாட்டியாச்சா?"

"மாட்டியாச்சுங்க."

"தட்டச் சொல்லு."

"என்னத்த?"

"கம்பியத்தான். இறுகி உக்காந்திருந்தா டொக்குனு கேக்கும்."

பொய் சொல்லத் தெரிந்த அளவுக்கு அதைக் காப்பாற்ற அவளுக்குத் தெரியாது. ஜன்னல் வழியாக வெல்டரைப் பார்த்து, "தட்டிக் காமிங்க, கேக்கணுமாம்," என்றாள். கண்ணால் கெஞ்சினாள். வெல்டர் கம்பியை டிக்கியின் விளிம்போடு சேர்த்து ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்பேனரை எடுத்துத் தட்டினார்.

கணீரென்று கேட்டது. பள்ளிக்கூடம் விடுகிற மணி மாதிரி, தெருவுக்கே கேட்டிருக்கும்.

கட்டிலில் கிடந்தவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஏங்க, நான்தான் தப்பா எழுதிட்டேன். சாயங்காலம் சரியாயிடும்ங்க. இந்தா, இப்பவே லேத்துக்குப் போறாரு."

தோளைத் தொட்டாள். மூச்சு மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது. கேட்டாரா என்று தெரியவில்லை. ஒரு 'ம்' போதும். அந்த ஒரு 'ம்'முக்காக மதியம்வரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை மணிக்கு மூச்சு நின்றது. அவளாகத்தான் அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டியிருந்தது.

நாலு மணிக்கு வெல்டர் வெட்டி ஒட்டிய கம்பியோடு வந்தார். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததும் கம்பியைச் சுவரோரமாகச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். ஒட்டிய இடத்தில் இன்னும் சூடு இருந்தது.

"இப்ப மாட்டிடவா அண்ணி?"

"யாரு தட்டிக் கேக்க?"



அதற்குள் சவப்பெட்டி செய்கிறவர் வந்துவிட்டார். காதில் பென்சில் சொருகியிருந்தார். சட்டைப் பையைத் தட்டிப் பார்த்து, டேப்பை மறந்துவிட்டதாகச் சொன்னார். அறையில் இருந்த எல்லோரும் அவள் கழுத்தைப் பார்த்தார்கள்.

"குடுங்கம்மா, நான் அளந்துக்கறேன்."

"நானே அளக்கறேன்."

உச்சியில் ஒரு முனையை வைத்து வெல்டரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். குதிகால்வரை இழுத்தாள்.

"அறுபத்தாறே கால்."

"அறுபத்தெட்டா வெட்டிக்கறேன். கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்."

"வேணாம். இருங்க. எழுதாதீங்க."

மறுபடியும் தலைமாட்டுக்குப் போனாள். முனையை வெல்டர் கையிலிருந்து வாங்கித் தானே வைத்தாள். ஒரு கையால் அதை அழுத்திக்கொண்டு, மறு கையால் நெற்றி, மார்பு, முழங்கால் என்று ஒவ்வோர் இடமாக டேப்பை நீவிக்கொண்டே போனாள். கால்வரை அவள் கை எட்டவில்லை. பெட்டிக்காரர் பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தார்.