குந்தாணியில் ரிஜக்ட் ஆன தூண்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை குற்றவுணர்ச்சியில் பிறந்தது. பாதி என்னுடையது, பாதி கௌஸ் மொய்தீனுடையது. ஓசூரில் இருவருக்கும் ஒரே கம்பெனி. நான் லேத்தில் கடைவேன். அவன் இன்ஸ்பெக்‌ஷன். அளவு தப்பினால் சிவப்புக் கிரேயானால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கிவிடுவான்.

2

"கீழ்வானம் சிவந்தபோது நாங்கள்..." (பொய். கிளம்பும்போது மணி பத்து.)

சரி, இப்படி: 1987, வார லீவு, இரவல் மொபெட், புளிசாதம். குந்தாணி என்கிற பழைய தலைநகரைப் பார்க்கப் போனோம். நகரம் ராகிக் கொல்லைகளுக்கு நடுவே கல் கல்லாகக் கிடந்தது.

[இங்கே ஒரு பக்கம் வரலாறு இருந்தது. எனக்கே கொட்டாவி வந்ததால் எடுத்துவிட்டேன்.]

3

வரப்போரம் ஒரு தூண் சாய்ந்திருந்தது. கௌஸ் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான்.

"அடியில கால் இஞ்ச் கம்மிடா. ரிஜக்ட்!"

பாக்கெட்டிலிருந்த கிரேயானை எடுத்துக் குறி போட்டே விட்டான். எழுநூறு வருஷத்துத் தூண்! வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கொல்லைக்காரி வெள்ளையம்மா களைக்கொத்தோடு ஓடி வந்தாள்.

"ஏம்பா, அளக்க வந்தீங்களா?"

"இல்லக்கா, சும்மா சுத்திப் பாக்க."

"சும்மா வந்தவன் எதுக்குச் செவப்புல போடற? எங்கண்ணன் கொல்லையில சர்வேக்காரங்க இப்பிடித்தான் குறி போட்டாங்க. ஆறே மாசம், கம்பெனி வந்துருச்சு. எனக்கு இருக்கறதே இந்த ஒண்ணர ஏக்கரா."

(முதல் வரைவில் அவளை அழவைத்திருந்தேன். அவள் அழவில்லை.)

4

கௌஸ் தண்ணீர் ஊற்றித் தேய்த்தான். சட்டையைக் கழற்றித் தேய்த்தான். மெழுகு இழுபட்டுக் குறி இன்னும் பெரிதானது.

"நீ அழிச்சா ஆச்சா? இந்தக் கொல்லைய யாரும் எடுக்க மாட்டாங்கன்னு எழுதிக் குடு."

கௌஸ் என்னைக் காட்டினான். "இவன் கதை எழுதறவன்தாங்க்கா."

எழுதினேன். 'இந்த நிலத்தை யாரும் எடுக்க மாட்டார்கள்.' கீழே கையெழுத்து. இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம் எங்களுக்கு மோர் கொடுத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் குடித்தேன்.

5

முடிவு அ: யாரும் வரவில்லை. ராகி விளைகிறது.

முடிவு ஆ: கம்பெனி வந்தது. அதே தூணருகே வாட்ச்மேன் கூண்டு.

எதையும் என்னால் எழுத முடியும். ஏற்கெனவே ஒருமுறை எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அதனால்தான் அந்தப் பக்கம் நான் திரும்பவும் போகவில்லை.

நீங்கள் போனால் பாருங்கள். ராகி இருந்தால் முடிவு அ. இல்லாவிட்டால் வெள்ளையம்மாவைத் தேடிப்பிடித்து, அந்தச் சீட்டை எழுதியவன்... [இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் என்னால் முடிக்க முடியவில்லை.]