முப்பத்தைந்து புள்ளிகள்

…பத்தொன்பது டிகிரியா, அது எப்படிப் பத்தொன்பதாக இருக்க முடியும், இந்த வெயிலில் மின்விசிறிக் காற்றே அடுப்படியிலிருந்து வருவதுபோல வருகிறது, என் அறையில் கணினியைத் தொடங்கும்போதே கிராபிக்ஸ் கார்டு முப்பத்தெட்டு காட்டுகிறது, இவனுக்கு மட்டும் பத்தொன்பதாம், யார் காதில் பூச்சுற்றுகிறான். மூன்று நாளாக இந்தப் பதிவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். திரையின் அடியில் இரண்டு பொத்தான்கள், ஏற்கலாம், நிராகரிக்கலாம், மூன்று நாளுக்குள் ஏதாவது ஒன்றை அழுத்திவிட வேண்டும் என்பது தளத்தின் விதி, அந்தக் கெடு இன்று மாலையோடு முடிகிறது. இந்தத் தளத்துக்கு யார் வேண்டுமானாலும் மதிப்பெண் அனுப்பலாம், கார்டில் சோதனை நிரலை ஓட்டி, வந்த எண்ணைத் திரையோடு படம் பிடித்து, பக்கத்தில் ஒரு தாளில் புனைபெயர், தேதி, மதிப்பெண் மூன்றையும் கையால் எழுதி வைத்து அனுப்பினால் போதும், அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் புளுகர்கள், அதனால்தான் சரிபார்க்க என்னைப்போல ஏழெட்டுப் பேர், சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. இந்த மாடல் கார்டின் பட்டியலுக்கு நான்தான் காவல், அதில் இரண்டு வருடமாக முதலிடமும் நான்தான், கழுகுக்கண், 11,472. இப்போது பனிக்கரடி என்று ஒருவன் 11,507 என்று வந்து நிற்கிறான், முப்பத்தைந்து புள்ளி, வெறும் முப்பத்தைந்து, ஆயிரம் புள்ளி கூடுதலாக அனுப்பியிருந்தால் சிரித்துவிட்டு நிராகரித்திருப்பேன், முப்பத்தைந்தைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை.

பனிக்கரடி என்பது என் சகலை, மனைவியின் தங்கை கணவன், லிஃப்ட் மெக்கானிக், மூன்று வருடம் முன்பு கார்டை எந்தப் பக்கம் சொருகுவது என்று என்னிடம் கேட்டவன். கேட்டான், நானும் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொடுத்தேன், பெருந்தன்மை என்ன பெருந்தன்மை, கற்றுக்கொடுக்கிறவனாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். அந்தக் கார்டையே நான்தான் கொடுத்தேன். ஒரே மாடலில் இரண்டு வாங்கி, இரண்டையும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, நல்லதை எனக்கு வைத்துக்கொண்டு, சூடேறுகிற சோப்ளாங்கியை அவன் பிறந்தநாளுக்குக் காகிதம் சுற்றிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு "அண்ணே, இது ரொம்ப அதிகம்"னு கண் கலங்கினான். நான் கழித்துக் கட்டிய கார்டு, அது என்னை மண்ணைக் கவ்வ வைக்கிறதா? வயிறு எரிகிறது, எரியவில்லை என்று சொன்னால் நானும் புளுகன்தான். என் கண்ணாடிக் கடைக்கு ஓட்டுநர் உரிமத்துக்காகக் கண் பரிசோதனைக்கு வருகிறவர்களில் சிலர் கடைசி வரி எழுத்துகளை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வருவார்கள், நான் ஒன்றும் சொல்லாமல் அட்டையைத் திருப்பிப் போடுவேன், அட்டையில் இல்லாத எழுத்தை அவர்கள் கணீரென்று வாசிக்கும்போது உள்ளுக்குள் ஒரு குஷி, பிடித்துவிட்டேன் என்று… அந்தக் குஷிக்காகத்தானே இந்தப் பத்தொன்பது டிகிரியையும் பிடித்துத் தொங்குகிறேன். ஐந்து மணிக்கு அவன் மகளுக்குப் பிறந்தநாள், எல்லோரும் போகவேண்டும், பக்கத்து அறையில் மனைவி பரிசுப்பொருளுக்குக் காகிதம் சுற்றுகிறாள், ஒட்டுநாடாவைக் கிழிக்கிற சத்தம் இங்கே கேட்கிறது. நிராகரித்துவிட்டு அவன் வீட்டுக் கேக்கை எந்த முகத்தோடு தின்பது, ஏற்றுக்கொண்டால் மட்டும் தொண்டையில் இறங்குமா என்ன.

புகைப்படத்தைப் பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூலை மூலையாகப் பார்த்தேன். தரையில் ஈரம். இடது ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் பச்சைக் காம்புகள், அதன் பின்னால் இன்னொரு வாளி… அட, இது கொழுந்தியாளின் பூக்கடைக் குளிர் அறை. ரோஜாவும் லில்லியும் வாடாமல் இருக்க நாள் முழுக்கக் குளிரூட்டி ஓடுகிற அறை, அதற்குள் கணினியையே தூக்கிக்கொண்டு போயிருக்கிறான் பாவி. அப்படியானால் பத்தொன்பது டிகிரி நிஜம், கார்டு எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு வேகம். எட்டு வருடமாக அந்தக் கடைக்குப் போய்வருகிறேன், அந்த அறைக் கதவில் சாய்ந்து நின்று காபி குடித்திருக்கிறேன், முதுகு ஜில்லென்று இருக்கிறதே என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன், எனக்கு ஏன் தோன்றவில்லை? நான் ஜன்னலைத் திறந்து வைத்து, மேசை விசிறியைக் கார்டுக்கு நேராகக் கட்டி, அதையே பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, குளிர் நிஜம், எண் நிஜமாக இருக்கவேண்டும் என்று என்ன கட்டாயம் என்று தாளைப் பார்த்தேன். பனிக்கரடி, 17ஆம் தேதி, 11,507. ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு. இரண்டு ஏழுக்கும்.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாகத் தெரியும், மளிகைப் பட்டியலில், காலண்டரில், பால்காரருக்கு எழுதி வைக்கிற சீட்டில், எல்லா ஏழுக்கும் இடுப்பில் ஒரு கோடு, மருந்துக்கடையில் மாத்திரை உறைமேல் எழுதுகிறவள், ஒன்றையும் ஏழையும் யாராவது மாற்றிப் படித்துவிட்டால் உயிர்போகிற காரியம் என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பழகிக்கொண்டது. என் மனைவியின் கையெழுத்து. பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, தங்கச்சிக்குப் பெரிய ஆர்டர், உதவிக்குப் போகிறேன் என்றுதான் போனாள், திரும்பி வந்து கால் வலிக்கிறது என்றாள், பூ நிறைய என்றாள், இதைச் சொல்லவில்லை. எதற்குச் சொல்லவில்லை? சந்தேகம் என்று இல்லை, அப்படிப்பட்ட அசிங்கமெல்லாம் எனக்குத் தோன்றவில்லை, தோன்றியிருந்தால்கூட நிம்மதியாகக் கோபப்பட்டிருக்கலாம், இது வேறு, அவன் எண்ணுக்குப் பக்கத்தில் இவள் நின்றிருக்கிறாள், குளிரில், பேனாவோடு, அது எனக்குப் பொறுக்கவில்லை. என் தாளை நானே எழுதினேன். கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். அன்றைக்கு நாற்பது தடவைக்கு மேல் ஓட்டியிருப்பேன், எல்லாம் 11,160க்கும் 11,200க்கும் இடையில்தான், ஒரே ஒரு தடவை திரை கண்சிமிட்டுகிற நேரம் உறைந்து நின்று, பிறகு ஓடி முடித்து 11,472 என்று காட்டியது, கணினியின் கடிகாரம் நடுவில் இடறியிருக்கவேண்டும், கடிகாரம் பின்தங்கினால் வேலை சீக்கிரம் முடிந்ததாக நிரல் ஏமாந்துவிடும், இது எனக்கு அப்போதே தெரியும், ஏமாந்தது நிரல்தானே, நான் இல்லையே என்று அனுப்பிவிட்டேன். மறுபடி அந்த எண் வரவே இல்லை. அப்போதைய சரிபார்ப்பவர் ஏற்றுக்கொண்டார், பிறகு அவர் போய் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன், உட்கார்ந்து இருநூறு பேருக்காவது எழுதியிருப்பேன், இன்னொரு முறை ஓட்டிக் காட்டுங்கள், ஒரு தடவை மட்டும் வருகிற எண் எண்ணே அல்ல என்று. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

"இன்னும் குளிக்கலையா, மணி மூணரை"ன்னு மனைவி வாசலில் வந்து நின்றாள், விரலில் ஒட்டுநாடாத் துண்டு. திரையை மறைக்கலாமா என்று ஒரு கணம் கை போனது, பிறகு மறைக்கவில்லை, இதை எழுதியது நீதானே என்று கேட்டேன், குரல் நான் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

"ஆமா. அவர் கையெல்லாம் ஈரம், தாள் நனைஞ்சிடும்னு என்னை எழுதச் சொன்னார். சும்மா எழுத முடியுமா, மூணு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லி, கிட்ட நின்னு பார்த்துட்டுத்தான் எழுதினேன்."

மூன்று தடவையும் பதினோராயிரத்து ஐந்நூறுக்கு மேலேயே வந்ததாம், குளிர் தாங்காமல் தங்கையின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நின்றாளாம், வீட்டில் சொல்லவேண்டாம், அண்ணன் தானே பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று அவன்தான் கேட்டுக்கொண்டானாம். சந்தோஷப்படட்டுமாம். அவன் கிண்டல் செய்யத் தெரியாதவன், அதுதான் கஷ்டம், கிண்டலாக இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். "நல்லாயிருந்துச்சு, முடியப்போற நேரத்துல எனக்கே படபடன்னு ஆயிடுச்சு" என்றாள், அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை என் அறை வாசலில் நான் பார்த்ததே இல்லை, எப்படிப் பார்ப்பேன், கதவுதான் சாத்தியிருக்குமே. அவளுக்கும் அதுதான் ஞாபகம் வந்ததோ என்னவோ, பரிசு சுற்றி மிச்சமான காகிதத்தை மடித்தபடியே சொன்னாள்.

"நீங்க ஒரு தடவைகூட என்னைக் கூப்பிட்டதில்லை."

நேரம் இருக்கிறதா என்று கடிகாரத்தைப் பார்த்தாள், இருக்கிறது என்று முடிவுசெய்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், இப்போதே ஓட்டுங்கள், உங்களுக்கும் எழுதித் தருகிறேன் என்றாள். சூடாக இருக்கிறது, இன்னொரு நாள் என்றேன். சூடானால் என்ன, உங்கள் கார்டுதானே நல்ல கார்டு என்றாள், அதில் ஊசி எதுவும் இல்லை, நான் தேடிப் பார்த்தேன், இல்லை. ஓட்டினேன். மூன்று நிமிடம். விசிறிகள் இரைச்சலோடு வேகமெடுத்தன, நான் அந்த உறைதலுக்காகக் காத்திருந்தேன், ஒரு கண்சிமிட்டல், ஒரே ஒரு இடறல், வந்துவிடு என்று… வந்துவிட்டால்? வந்துவிட்டால் அதன் பக்கத்தில் இவள் கோடு போட்ட ஏழு உட்கார்ந்துகொள்ளும், மாத்திரை உறையில்கூடப் பிசகாதவள், வேண்டாம், வந்துவிடாதே, இல்லை, வா… இவ்வளவு தடுமாறிக்கொண்டிருக்கும்போது ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடி முடித்து நின்றது. 11,184.

அவள் திரைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறாள், கட்டிலின் ஓரத்தில் தாளை வைத்துக் குனிந்து, முதல் வரியில் கழுகுக்கண், இரண்டாவது வரியில் இன்றைய தேதி, மூன்றாவது வரி காலி. "சொல்லுங்க" என்றாள். திரும்பவில்லை. திரும்பிப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன், தலையைத் திருப்பினாலே தெரிகிற தூரம், திரும்பவில்லை, அவனுக்கு மூன்று தடவை கிட்ட நின்று பார்த்தவள், எனக்கு நான் சொல்வதை அப்படியே எழுதப்போகிறாள், நானூற்று எழுபத்திரண்டு என்றால் நானூற்று எழுபத்திரண்டு, எழுதிக் கீழே கோடு இழுத்துவிட்டுக் குளிக்கச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். இத்தனை நேரம் அவனுக்குக் கிடைத்ததை நினைத்து வெந்துகொண்டிருந்தேனே, இந்த முதுகு அவனுக்குக் கிடைக்கவில்லையே, எனக்குத்தானே கிடைத்திருக்கிறது, பன்னிரண்டு வருடமாக எனக்கு மட்டும், அப்படியிருந்தும் ஏன், அவன் எண்ணை அவள் மூன்று முறை கிட்ட நின்று பார்த்தாளே, அந்தப் பார்வைதான் வேண்டும்போல இருக்கிறது எனக்கு… பேனா முனை மூன்றாவது வரியின் ஆரம்பத்தில் நிற்கிறது, பதினோராயிரத்து என்பது வரைக்கும் சொல்லிவிட்டேன்.