எட்வின் லீவுக்காக மூன்று நாள் உபவாசம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர் போகிற சாயங்கால பஸ்ஸில் எட்வின் கண்டக்டர். அவனுக்கு ஒரிசா என்றால் உயிர். பார்த்ததில்லை, பார்க்காததால்தான் உயிர். அவனுடைய சபையிலிருந்து வருஷா வருஷம் தை மாசம் பதினோரு பேர் ஒரிசா மலைக் கிராமங்களுக்கு ஊழியத்துக்குப் போவார்கள். பதினாலு நாள் பயணம். வந்து அதைப் பதினாலு மாசம் சொல்வார்கள். எட்வின் கேட்டுக் கேட்டு, எந்த ஊரில் எத்தனை ஓடை, எந்த ஓடையில் எவ்வளவு தண்ணீர் என்று போய்வந்தவர்களுக்கே திருத்திச் சொல்கிற அளவுக்குத் தேறியிருந்தான்.

பெயர் கொடுக்கிற கூட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அந்த நேரத்தில் அவன் ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில், மடியில் உட்கார்ந்திருக்கிற ஆட்டுக்குட்டிக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்று ஒரு கிழவரோடு வழக்காடிக்கொண்டிருப்பான். பதினெட்டு வருஷம் அப்படியே போயிற்று. இந்த வருஷம் மனைவி பிரின்சி கூட்டத்துக்குப் போய், கையைத் தூக்கிய வேகத்தில் மேலே ஓடுகிற ஃபேனே நின்றுவிட்டது. எட்வின் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. டிப்போவில் கேட்ட அன்றைக்கே லீவும் கொடுத்துவிட்டார்கள். எட்வின் நான்கு ராத்திரி தூங்கவில்லை. பகலில் விசிலை ஊதினால் அது பாட்டாக வந்தது. சபைப் படிவத்தில் ‘இதற்கு முன் ஊழியம் செய்த மலைக் கிராமங்கள்’ என்ற இடத்தில், கொஞ்சம் வெட்கத்தோடு, ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதினான்.

இனி இருசப்பனைச் சொல்ல வேண்டும். கரியாலூர்க்காரன், கள்ளக்குறிச்சி காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறவன். ஒருகாலத்தில் அவன் ஏறினால் பஸ்ஸுக்கே போதை ஏறி, வளைவில்லாத இடத்திலும் வளைந்து போகும். கருணாபுரத்தில் குடியிருந்த தம்பியைச் சாராயத்துக்குப் பறிகொடுத்த பிறகும் அவனால் விட முடியவில்லை. ஒருநாள் எட்வின் எரிச்சலில் சொன்னான்:

“இன்னிலேர்ந்து ஏறும்போது என் மூஞ்சில ஊது. சுத்தமா இருந்தா முன்சீட்டு, ஊர்ல முன்படி வழியா எறங்கு. வாடை அடிச்சிதுன்னா நின்னுக்கினே வா, பின்படில எறங்கு.”

வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். மறுநாள் இருசப்பன் நிஜமாகவே வந்து ஊதினான். அதற்குப் பிறகு இருநூற்றுப் பதினோரு நாள். முதல் மாசம் நாலு தடவை பின்படி. அப்புறம் எல்லாம் முன்படி. அவன் மனைவி காசியம்மாள் சாயங்காலம் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து, ஆளைப் பார்க்க மாட்டாள், படியைத்தான் பார்ப்பாள். முன்படி என்றால், அவன் தரையில் கால் வைக்கும் முன்னே வீட்டுக்கு ஓடி அடுப்பில் உலை வைத்துவிடுவாள்.

ஒரிசா போகிற விஷயத்தை எட்வின் அவனிடம் சொன்னான். “பதினாலு நாள் நான் வரமாட்டேன், இருசப்பா.”

இருசப்பன் ஐந்து வளைவு வரைக்கும் பதினாலு நாளை விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தான். அப்புறம், “போய்ட்டு வாங்க சார். நல்ல காரியம்,” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப யாருகிட்ட சார் ஊதறது?”

கரியாலூர் வந்தது. யோசனையிலேயே எழுந்தவன் கூட்டத்தோடு போய்ப் பின்படி வழியாக இறங்கிவிட்டான். காசியம்மாள் போட்ட கூச்சலில் சேலத்தில் தூங்கிய குழந்தைகள் எழுந்திருக்கும். எட்வின் ஜன்னலில் பாதி உடம்பைத் தொங்கவிட்டுக் கத்தினான்: “ஊதிட்டான்மா! சுத்தம்! சத்தியமா சுத்தம்!” அவள் நம்பவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு புருஷனைப் பார்த்தபடி நின்றாள். பஸ் திரும்பும்போதும் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் எட்வின் தன் இடத்தில் வரப்போகிற கலையரசனைக் கேட்டுப் பார்த்தான்.

“இன்னாண்ணே, டிக்கெட்டும் குடுத்து வாயும் மோந்து பாக்கணுமா? எனக்கு சைனஸ்ணே. டீசல் வாடையே தெரியாது.”

எட்வின் போதகரிடம் போனான். ஒருத்தன் வாயை மோப்பம் பிடிக்க வேண்டியிருப்பதால் கர்த்தருடைய ஊழியத்துக்கு வர முடியாது என்று எந்த வாயால் சொல்வது? “லீவு கெடைக்கல ஐயா,” என்று சொல்லிவிட்டான்.

போதகர் அவன் தோளை இறுக்கிப் பிடித்தார். “விடக்கூடாது, எட்வின்.”

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வந்தது: சகோதரர் எட்வினுக்கு லீவு கிடைக்க மூன்று நாள் உபவாச ஜெபம். சபையே பட்டினி கிடந்தது. ஜெபச் சத்தத்தில் ஓடு நாலு விரற்கடை உயர்ந்து உட்கார்ந்தது. மூன்றாம் நாள் மதியம், சர்க்கரை வியாதி உள்ள சாலம்மாள் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்து, “டிப்போ மேனேஜர் மனச எளக்கும், ஆண்டவரே,” என்று முனகியதைக் கேட்டதும் எட்வினால் உட்கார முடியவில்லை.

“லீவு கெடச்சிடுச்சி. போன மாசமே.”

ஜெபம் நின்றது. “பின்ன இன்னாய்யா?” என்றார் போதகர்.

எட்வின் எல்லாவற்றையும் சொன்னான். முதலில் யாரோ கொக்கரித்தார்கள், அப்புறம் மொத்தமும் சிரித்தது. பிரின்சி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“எவன் வாயயோ மோந்து பாக்கறதுக்கா என்னைப் பட்டினி போட்ட?” என்றார் சாலம்மாள். “போடா, மொதல்ல ஒரு டீ வாங்கியா. சக்கரை ஜாஸ்தியா.”

போதகர் மட்டும் சிரிக்கவில்லை. “நீ போனா அவன் குடிச்சிடுவான்னு நிச்சயமா தெரியுமா?”

“தெரியாது ஐயா. தெரிஞ்சா ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணியிருப்பேன்.”

“போகணும்ங்கற ஆச?”

“அது எங்க ஐயா போவுது. அப்டியேதான் இருக்குது.”

போதகர் பட்டியலையும் பேனாவையும் அவன் பக்கம் நீட்டினார். எட்வின் தன் பெயரைத் தானே அடித்தான். நாலே எழுத்துப் பெயர், அடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

மற்றவர்கள் ஒரிசாவுக்குக் கிளம்பிய நாள் சாயங்காலம் இருசப்பன் ஏறினான், ஊதினான், திகைத்தான்.

“இன்னா சார், போவலயா? லீவு குடுக்கலயா? பாவிங்க!”

எட்வின் கை முன்சீட்டைக் காட்டியது. மூன்றாவது வளைவு வரைக்கும் இருசப்பன் டிப்போவைத் திட்டித் தீர்த்துவிட்டு, “அந்த ஒரிசா எப்டி சார் இருக்கும்?” என்றான்.

எட்வின் சொல்ல ஆரம்பித்தான். மேகம் முழங்கால் வரைக்கும்தான் இருக்கும், விலக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு பலாப்பழத்தை நாலு ஊர் சாப்பிடும். ஓடையில் தண்ணீர் அவ்வளவு தெளிவு, மீன் பயந்து கரைக்கு ஏறி உட்கார்ந்திருக்கும். ஜனங்கள் ராத்திரி பந்தத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று மலை தாண்டி வந்து காத்திருப்பார்கள்.

இருசப்பன் வெளியே பார்த்தான். சாமைக் கொல்லை மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

“நம்ம மலை மாதிரிதான் இருக்குது, சார்.”

“இல்ல,” என்றான் எட்வின். “இல்ல இருசப்பா. அது வேற.”

இந்நேரம் அவர்கள் ரயில் ஏறியிருப்பார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டி வளைகிற பக்கமெல்லாம் சாய்ந்தபடி, அவன் மேற்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தான்.