மஞ்சள் புள்ளி வைத்த திருகு

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. ஜன்னலோரச் சீட்டை விட்டுக்கொடுத்ததற்குக் கூலியாகக் கிடைத்தது. ஓசூரில் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒருநாள் காலை நிர்மலா ஏழாம் மாத வயிற்றோடு ஏறினாள். காற்று வேண்டும் என்றாள். நகர்ந்துகொண்டேன். அவளுக்கு வாய் சும்மா இருக்காது, எனக்குக் காது சும்மா இருக்காது. கம்பெனி கேட் வருவதற்குள் ஒரு அப்பா, ஒரு கணவன், ஒரு பழைய கார் என எல்லாவற்றையும் என் மடியில் இறக்கி வைத்துவிட்டாள்.

லீவு நாளில் எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இது:

[பாகலூரின் ரோஜாத் தோட்டங்களின் மேல் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு]

அடித்துவிட்டேன். பனி இறங்கும் கதைகளில் கண்டிப்பாக யாராவது செத்துப்போவார்கள். இதில் யாரும் சாகப்போவதில்லை. ஒரு இன்ஜின் மட்டும் அடிக்கடி நின்றுபோகும்.

[கார்புரேட்டர் என்பது காற்றையும் பெட்ரோலையும் உரிய விகிதத்தில் கலந்து இன்ஜினுக்கு]

இதைப் படித்துவிட்டு நிர்மலா கொட்டாவி விட்டாள். "ட்ரெய்னிங் கிளாஸ் மாதிரி இருக்குதுக்கா."

"அப்ப நீயே ஆரம்பி."

"எங்கப்பாவும் எங்க வீட்டுக்காரரும் பேசிக்க மாட்டாங்க. இதுல ஆரம்பிங்க."

சரி, இதிலேயே ஆரம்பிப்போம்.

2

நிர்மலாவின் அப்பா திம்மப்பன். பாகலூரில் ரோஜாவும் கொத்தமல்லியும் போடுகிறார். அதற்கு முன்பு பெங்களூரில் ஒரு பணக்காரருக்குக் கார் ஓட்டினார். அந்த மனிதர் வெளிநாட்டில் மகனோடு இருக்கப் போனபோது, தன் பழைய பீட்டில் காரை இவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். வெளிர்நீலம், ஆமை முதுகு. அதற்கு ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, காற்றிலேயே ஆறிக்கொள்ளும். இன்ஜின் இருப்பது காரின் பின்பக்கம். சாமான் வைக்கும் இடம்தான் முன்பக்கம். இதை நினைவில் வையுங்கள், தேவைப்படும்.*

நிர்மலாவின் கணவன் மாடசாமி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவன். அசெம்பிளி லைனில் போல்ட் முடுக்குகிறான். ஒவ்வொன்றையும் முடுக்கியதும் அதன் தலையில் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இருந்தால், இறுக்கியாயிற்று, பார்த்தாயிற்று என்று அர்த்தம். புள்ளி இல்லாத போல்ட் ஒன்று வெளியே போய்விட்டால் அந்த ஷிப்டே நின்று பதில் சொல்ல வேண்டும். ஆகவே ஆடும் திருகு எதைக் கண்டாலும் அவன் கை பரபரக்கும். வீட்டில் குக்கர் கைப்பிடி, ஃபேன், கட்டில் கால் எல்லாவற்றிலும் மஞ்சள் புள்ளி. "என் நெத்தி ஒண்ணுதான் மிச்சம்க்கா" என்றாள் நிர்மலா.

காதல் கல்யாணம். திம்மப்பன் வந்தார், சாப்பிட்டார், போனார். மாப்பிள்ளையோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து அப்படித்தான். தோட்டத்தில் பீன்ஸ் பறித்தால் ஒரு பை பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார், போனில் மகளிடம் "அவருக்கும் செஞ்சு குடு" என்பார். அதோடு சரி.

இந்த இடத்தில் எனக்குத் திம்மப்பன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. திட்டாமல், முறைக்காமல், வெறுமனே பேசாமல் மட்டும் ஒரு மனிதர் இருப்பாரா? ஒரு வரைவில் அவருக்குப் பெரிய மீசை வைத்து, "என் வாசலை மிதிக்கக் கூடாது" என்று கர்ஜிக்க விட்டேன். நிர்மலா படித்தாள்.

"இது யாருக்கா?"

"உங்கப்பா."

"எங்கப்பாவுக்கு மீசையே கெடையாது. கோவமெல்லாம் எப்பவோ தீந்துபோச்சு. எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல அவருக்கு."

மீசையை எடுத்துவிட்டேன். நல்ல மீசை, என்ன செய்வது.

* தேவைப்படும் என்று நான் சொல்லித் தேவைப்படாமலே போன தகவல்கள் என் பழைய கதைகளில் நிறைய உண்டு. இது அந்த ரகம் இல்லை.

3

பேசாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

வளைகாப்பு முடிந்ததும் நிர்மலா பாகலூருக்குப் போக வேண்டும். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான். அப்புறம் குழந்தை பிறந்து, தேறி, அவள் ஓசூர் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மாடசாமி? ஒரு சொல் பேசாத மாமனார் வீட்டுக்கு அவன் எந்த முகத்தோடு வருவான்? விருந்தாளி மாதிரி வாசலோரம் நின்று தன் குழந்தையைப் பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிப்பானா?

"அவரு வர முடியாத வீட்டுல நான் எப்படிக்கா பெத்துக்குவேன்?" என்றாள் நிர்மலா. அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள், இதைச் சொல்லும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினேன். நான் எழுதுகிறவள்தான், கல் இல்லை.

திம்மப்பனுக்கும் ஒரு பிடிவாதம். "என் பொண்ண என் வண்டியிலதான் கூட்டியாருவேன். வாடகைக் காரெல்லாம் வேணாம்." ஆனால் அவர் வண்டியோ உகாதிப் பண்டிகையிலிருந்து ஓட மறுக்கிறது. ஆக்ஸிலேட்டரில் கால் இருக்கும்வரை ஓடும், காலை எடுத்தால் பொசுக்கென்று நின்றுபோகும். பிளக்கை மாற்றினார். பெட்ரோல் டாங்கைக் கழுவினார். எலுமிச்சம்பழம் நசுக்கினார். ஓசூரிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவன் வண்டியை இரண்டு சுற்று சுற்றிவந்து, "ஸ்கேனர் எங்க சொருகறது?" என்று கேட்டான். அவனுக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"உகாதிக்கு அவரு வந்துட்டுப் போனாரு பாரு, அன்னைலேர்ந்துதான்" என்று திம்மப்பன் மனைவி நஞ்சம்மாவிடம் சொன்னாராம். மாப்பிள்ளையின் கண்ணேறு என்பது அவர் கட்சி. நஞ்சம்மா அவரை நன்றாகத் திட்டினாள்.

4

இப்போது உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். இது அப்போது நிர்மலாவுக்கே தெரியாது. எழுதுகிறவளுக்கு இப்படிச் சில சலுகைகள் உண்டு.

திம்மப்பன் சொன்னது சரி.

உகாதியன்று வீட்டுக்குள் எல்லோரும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். மாடசாமி ஒப்பட்டுப் போளி தின்றான், தண்ணீர் குடித்தான், செல்போனைப் பார்த்தான். பிறகு வெளியே வந்து காரின் பின்மூடியைத் திறந்து, இன்ஜினைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான். அந்த வீட்டுக்குத் தன்னால் ஆனதை ஏதாவது செய்ய வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. அப்போது கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு, ஒரு ஸ்பிரிங்கோடு, பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

அவனா விடுவான்? கடைசிவரை முடுக்கினான். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து மஞ்சள் புள்ளி வைத்தான். மாமனார் வண்டிக்கு ஒரு நல்லது செய்த திருப்தியோடு கை கழுவப் போனான்.

அந்தத் திருகு அப்படித் தளர்ந்துதான் இருக்க வேண்டும். இன்ஜின் சும்மா ஓடும்போது அதற்கு வேண்டிய கலவை அதன் வழியாகத்தான் போகிறது. எவ்வளவு திறப்பது என்பதைக் காதால் கேட்டுத்தான் வைக்க வேண்டும். முழுக்க மூடினால் மூச்சு நின்றுவிடும்.

[இந்த இடத்தில் மனித உறவுகள் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். திருகு, மூச்சு, இடைவெளி என்று அமர்க்களமாக வந்தது. படிக்க எனக்கே கூச்சமாக இருந்ததால் எடுத்துவிட்டேன். எங்கே என்ன இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.]

5

போன ஞாயிற்றுக்கிழமை நிர்மலாவும் மாடசாமியும் பாகலூர் போயிருந்தார்கள். கார்புரேட்டரைச் சரிசெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதிக்க, ஒருவர் பின்னால் திருக. முதலில் நிர்மலா முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். வயிறு ஸ்டியரிங்கில் இடித்தது. மாடசாமி பேசாமல் வந்து உட்கார்ந்தான். திம்மப்பன் பேசாமல் ஸ்க்ரூடிரைவரோடு பின்னால் போனார். நிர்மலா கார் கூரையில் கை வைத்தபடி நடுவில் நின்றாள்.

"கொஞ்சம் அமுத்தச் சொல்லும்மா."

"கொஞ்சம் அமுத்தணுமாம்."

"விடச் சொல்லு."

"விடணுமாம்."

"விட்டா நின்னுருமே, கேளு."

"நின்னுருமேங்கறாருப்பா."

"நிக்கட்டும்னு சொல்லு."

நின்றது. திம்மப்பன் வேறொரு திருகைத் திருப்பினார். திரும்பக் கிளப்பினார்கள். திரும்ப நின்றது. ஒரே காருக்குள்ளிருந்து ஒரே காருக்கு இப்படித் தபால் போய்வந்துகொண்டிருந்தது. அப்போது நஞ்சம்மா சமையலறையிலிருந்து கன்னடத்தில் சாப்பிடக் கூப்பிட்டாள். "நிர்மலா, ஊட்டா ரெடி, பாம்மா!"

நிர்மலா போய்விட்டாள்.

இருவரையும் பேசவைக்க வேண்டுமென்றே அவள் நழுவினாள் என்று எழுதியிருந்தேன். கதைக்கு அது எவ்வளவு அழகு. ஆனால் அவள் ஒப்புக்கொள்ளவே இல்லை. "ஐயோ, பசிக்கா. களியும் கீரையும் செஞ்சிருந்தாங்க." பசி என்றே இருக்கட்டும். சாப்பாட்டுத் தட்டோடு அவளைச் சமையலறை ஜன்னலருகே நிறுத்துகிறேன். இனி அவள் பார்த்ததுதான் நமக்கு.

திம்மப்பன் டார்ச்சை அடித்துக் குனிந்தார். கார்புரேட்டரின் அந்தச் சின்னத் திருகில் தன்னைத் தவிர யாரும் கை வைத்ததில்லை என்பது அவர் நம்பிக்கை, ஆகவே இத்தனை நாளும் அதைப் பார்க்கத் தோன்றவில்லை. இப்போது பார்த்தார்.

"நஞ்சம்மா! பூச போட்டப்ப ஸ்க்ரூவுக்கெல்லாமா மஞ்சள் வெச்ச?"

நஞ்சம்மாவுக்குக் கேட்கவில்லை. திம்மப்பன் நிமிர்ந்து நிர்மலாவைத் தேடினார். கூரையில் கை வைத்திருந்தவளைக் காணோம். காருக்குள்ளிருந்து பதில் வந்தது.

"அது மஞ்சள் இல்ல மாமா. என் மார்க்கு."

நிர்மலாவின் கையில் களி உருண்டை அப்படியே நின்றது.

"லூஸா கெடந்துச்சு. உகாதி அன்னைக்கு நாந்தான் டைட் வச்சேன்."

6

இனி என்ன நடக்கலாம்?

அ) திம்மப்பன் வாய்விட்டுச் சிரித்து, "வாங்க மாப்ளே, சாப்புடலாம்" என்கிறார். எழுதிப் பார்த்தேன். அப்பளம் வரை பரிமாறிவிட்டேன். யாருமே நம்ப மாட்டார்கள்.

ஆ) ஸ்க்ரூடிரைவரை வீசி எறிகிறார், மாடசாமி பஸ்ஸுக்குப் போகிறான். மீசை வைத்த திம்மப்பன் என்றால் இது நடக்கும். அவரைத்தான் நான் எடுத்துவிட்டேனே.

இ) [நிர்மலாவுக்கு அந்த நேரம் பார்த்து வலி எடுக்க]. வேண்டாம். எனக்கே அடி விழும்.

நடந்தது இதுதான். திம்மப்பன் பின்மூடிக்கு மேலாகத் தலையை நீட்டினார்.

"லூஸா இருந்தா முடுக்கிருவியா நீ?"

நிர்மலா தட்டை ஜன்னல் திண்டில் வைத்தாள். அப்பா அவனிடம் சொன்ன முதல் வார்த்தைகள் அவை. நல்ல வார்த்தை என்று சொல்ல முடியாது.

"பாத்துட்டு எப்படி மாமா சும்மா விடுதது?"

"இது உன் கம்பெனி போல்ட் இல்லடா! எறங்கு. எறங்கி வா இங்க."

மாடசாமி இறங்கிப் பின்னால் போனான். திம்மப்பன் ஸ்க்ரூடிரைவரை அவன் கையில் வைத்தார். "நீ முடுக்குனத நீயே தெற." சொல்லிவிட்டு முன்னால் போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கிளப்பினார். காலால் மிதித்துக்கொண்டே காதால் கேட்டார்.

"தெற... இன்னும்... மெதுவா, என்னா அவசரம்... போச்சு, அதிகம். கொஞ்சம் மூடு. கேக்குதா, தடுமாறுது பாரு."

"கேக்குது மாமா. இப்ப?"

"இப்ப... கொஞ்சூண்டு தெற. ம். ம். கைய எடு."

திம்மப்பன் காலை எடுத்தார். இன்ஜின் நிற்கவில்லை. உகாதிக்குப் பிறகு முதல் முறையாக, யார் காலும் இல்லாமல், தானாக ஓடிக்கொண்டே இருந்தது. நிர்மலா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். கீரையில் காரம் அதிகம் என்று அம்மாவிடம் பொய் சொன்னாள்.

7

திம்மப்பன் இறங்கிப் பின்னால் வந்தார். மாடசாமி தன்னையறியாமல் மஞ்சள் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றியிருந்தான்.

"மார்க் போட்டுரட்டா மாமா?"

திம்மப்பன் பேனாவை வாங்கி, மூடியை மாட்டி, அவன் சட்டைப் பாக்கெட்டிலேயே வைத்தார்.

"மார்க்கெல்லாம் ஆவாது. வெயிலுக்கு ஒரு மாதிரி இருக்கும், மழைக்கு ஒரு மாதிரி. நம்ம ஊரு குளுரு வந்தா மறுபடியும் தெறந்து மூடணும். ஒரு ஆளால முடியாது. அப்பெல்லாம் நீ..."

இதற்கு மேல் நிர்மலாவுக்குக் கேட்கவில்லை. இன்ஜின் சத்தம். அவர் என்ன சொன்னார் என்று மாடசாமியிடம் கேட்டாள். சிரிக்கிறான், சொல்ல மாட்டேன் என்கிறான். அப்பாவிடம் கேட்டாள், "வண்டி விஷயம்" என்கிறார்.

வருகிற ஞாயிறு வளைகாப்பு. அதற்குள் கதையை முடித்துத் தரச் சொல்லியிருக்கிறாள். 'அப்பெல்லாம் நீ...' என்ற அந்த வாக்கியத்தை நான் பலவிதமாக முடித்துப் பார்த்தேன். 'நீ வரணும்.' 'நீ இங்கயே தங்கிக்கோ.' 'நீ கைய வெச்சா ஒதைப்பேன்.' ஒவ்வொன்றும் அவர் வாயில் வரக்கூடியதுதான். ஆனால் எதை எழுதினாலும் எனக்கு அந்த இன்ஜின் சத்தம் கேட்பது நின்றுவிடுகிறது. அதனால் நான் கை வைக்கவில்லை, அவர் விட்ட இடத்திலேயே விட்டிருக்கிறேன்.

நிர்மலா பார்த்த கடைசிக் காட்சி இது. இரண்டு பேரும் காரின் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து நிற்கிறார்கள். வேலை முடிந்துவிட்டது, பெட்ரோல் வீணாகிறது, சாப்பாடு ஆறுகிறது. ஆனால் வண்டியை அணைக்க இருவருக்கும் மனம் வரவில்லை. அணைத்தால் அப்புறம் வேறு ஏதாவது பேச வேண்டுமே.

சாவி அதிலேயேதான் இருக்கிறது. அணைப்பதும் விடுவதும் உங்கள் பாடு.